புதுப்பிப்பு: அப்பாவின் தூக்கமும் ரத்தப் பரிசோதனையும்

பார்க்கின்சன் உள்ள அப்பா தூக்கத்தில் கத்துகிறார், கை வீசி அம்மாவை அடித்துவிட்டார், இதற்கு ரத்தப் பரிசோதனை உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டோம்.

கனவு வரும் ரெம் தூக்கத்தில் கை கால் அசையாமல் கிடக்க வேண்டும், அந்தப் பூட்டு கழன்றுவிட்டதால் கனவில் போடும் சண்டையை அப்படியே கட்டிலில் போடுகிறாராம். நடுக்கம் தொடங்கப் பல வருடம் முன்பே சிலருக்கு இது வருமாம். "நான் அப்பவே சொல்லலையா?" என்றார் அம்மா. உறுதிசெய்ய இரவுத் தூக்கப் பரிசோதனைதான்.

நியூரோஃபிலமென்ட் பற்றி ஒருவர் சொல்லியிருந்தீர்கள். நரம்பிழை சேதமானால் ரத்தத்தில் கூடும் புரதம் அது, ஆனால் வயதானாலே கூடும், தூக்கக் கோளாறைக் கண்டுபிடிக்க உதவாது. சரி, காசு மிச்சம்.

எதிர்பாராதது ஃபெரிட்டின், அதாவது உடலில் சேமித்துள்ள இரும்புச்சத்தின் அளவைக் காட்டும் புரதம்: 22 தான், குறைவு. படுத்ததும் கால் குடைகிறது, நடந்தால்தான் அடங்குகிறது என்பாரே, அதற்கு இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணமாம். இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார், ஆனால் பார்க்கின்சனுக்குப் போடும் லெவோடோபா மருந்தின் வேலையை இரும்பு கெடுக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது, 2 மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னார். தூக்கத்தில் கத்துவதற்கு மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் மருந்து. அப்புறம், அம்மாவுக்குத் தனிக் கட்டில் வந்தாச்சு.