ஹீட்டட் கிரிப்பா, ஹீட்டட் கிளவுஸா? மலையேறிய நம்ம ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்

காரைக்குடி:

போன வருஷம் ஜனவரியில் கொடைக்கானலில் ராத்தங்கிவிட்டு, விடிகாலை ஐந்தரைக்கு மன்னவனூருக்குக் கிளம்பினேன். சொந்த வண்டி, 350 சிசி. கையில் எப்போதும் போடும் தோல் கிளவுஸ். மார்கழிப் பனியில் பிள்ளையார்பட்டி போய்வர அதுவே தாராளம் என்பதால், வேறு எதுவும் வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பூம்பாறை தாண்டுவதற்குள் இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப் போய்விட்டன. அந்த இரண்டும்தான் எப்போதும் கிளட்ச் லீவர் மேல் கிடக்கும். ஒரு வளைவில் எதிரே காய்கறி ஏற்றிய மினி லாரி வந்தது. விரலை மடக்குகிறேன், மடங்கியதா என்றே தெரியவில்லை. லீவர் உள்ளே போனதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வலது கைக்கும் இதே கதி வந்தால் பிரேக் என்னாகும் என்று நினைத்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஓரம் கட்டி நின்றேன். ரோட்டோரப் புல்லெல்லாம் உறைபனி படிந்து, உப்பளம் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

டீக்கடையில் டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். சூடு உறைக்கவே ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் ரத்தம் திரும்ப ஓட ஆரம்பித்ததும் நகக்கண்ணில் ஊசி ஏற்றுவது போல வலி. மரத்தபோதுகூட இவ்வளவு வேதனை இல்லை.

ஊருக்கு வந்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். நம்ம ஊரில் 20 டிகிரி என்றால் அங்கே ஏழு, எட்டு. அதிலும் காற்று இருக்கிறதே! 5 டிகிரிக் குளிரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், காற்றில் படுகிற தோலுக்கு அது மைனஸ் 2 போல இருக்கும்.

உடனே ஹீட்டட் கிரிப், அதாவது வண்டிக் கரண்டில் சூடாகும் கைப்பிடி, வாங்கி மாட்டினேன். டிசம்பரில் மறுபடி அதே ரோட்டில் போனேன். ஸ்விட்சைப் போட்ட இரண்டு மூன்று நிமிஷத்தில் உள்ளங்கையில் சூடு ஏறியது, அது உண்மை. ஆனால் புறங்கை பழையபடி விறைத்தது, லீவர் மேல் கிடக்கிற விரலும் அப்படியே. போதாக்குறைக்கு, குளிருக்கென்று பஞ்சு வைத்த கனமான கிளவுஸ் போட்டிருந்தேன். உள்ளங்கைப் பக்கப் பஞ்சு கிரிப்பின் சூட்டில் பாதியைத் தடுத்துவிட்டது. அதன் பிறகு கைக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் ஹேண்ட் கார்டு மாட்டி, உள்ளங்கை மெலிதாக, புறங்கை தடிமனாக இருக்கும் கிளவுஸுக்கு மாறினேன். காற்று நேராக அடிப்பது நின்றதும்தான் கிரிப்புக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை என்று பட்டது.

இப்போது ஜூனில் நாங்கள் நாலு பேர் மணாலியிலிருந்து லடாக்கில் இருக்கும் லே போகத் திட்டம். கிரிப்பே போதுமா, கிளவுஸும் வாங்கணுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை:

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். மணாலியில் வாடகை வண்டியா, சொந்த வண்டியா? வாடகை என்றால் கிரிப் பேச்சையே விட்டுவிடலாம். அடுத்தவர் வண்டியில் ஒயரைப் பிரிக்க யாரும் விடமாட்டார்கள். கிளவுஸ் நம் பையோடு வரும், எந்த வண்டியில் ஏறினாலும் நம் கையில் இருக்கும்.

நான் போனது பேட்டரி கிளவுஸோடு. சூடாக்கும் இழை புறங்கையிலும் விரல் நீளத்துக்கும் ஓடும், மணிக்கட்டுப் பட்டையில் 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி செருகியிருக்கும். நீங்கள் சொன்ன அந்த இரண்டு விரல்களுக்கு இதுதான் மருந்து. லீவரில் இருந்தாலும் சூடு கூடவே இருக்கும். லே போகிற வழியில் பாரலாச்சா லா கணவாய் ஏறும்போது ரோட்டின் இரண்டு பக்கமும் பனிச்சுவர், பனி உருகி ரோட்டின் குறுக்கே ஓடுகிற தண்ணீர். அதற்குள் இறங்கி ஏறியும் என் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன.

பேட்டரி விஷயத்தில்தான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முழுச் சூட்டில் வைத்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம், குறைந்த சூட்டில் ஐந்து மணி நேரம் ஓடியது. குளிரில் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவே குறைந்துவிடும். அதே வழியில் சர்ச்சு என்ற இடத்தில் கூடாரத்தில் தங்கினோம். ஜெனரேட்டரை ராத்திரி கொஞ்ச நேரம்தான் ஓட்டினார்கள், இருந்த ஒரு பிளக்கில் பத்து போன். காலையில் என் வலது கைப் பேட்டரி பாதிதான் ஏறியிருந்தது. அன்றைக்கு ஏற்றத்தில் மட்டும் போட்டு, வெயில் வந்ததும் அணைத்துச் சமாளித்தேன். அதனால் இரண்டாவது ஜோடிப் பேட்டரி கட்டாயம் வாங்குங்கள். விமானத்தில் போனால் பேட்டரிகளைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் உதிரி லித்தியம் பேட்டரி வைக்கக்கூடாது.

இன்னொன்று. தண்ணீர் புகாத உறை கொண்ட கிளவுஸாகப் பாருங்கள். நனைந்த கிளவுஸை எந்தச் சூடும் காப்பாற்றாது.

புதுவயல்:

இருபது வருஷமாக வண்டி ஒயரிங் வேலை பார்க்கிறேன். கிரிப் மாட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். வேறு எங்கோ மாட்டிய கிரிப். சாவி போட்டால் மட்டும் கரண்டை விடுகிற ரிலேயும் இல்லை, ஃப்யூஸும் இல்லை, ஒயரை நேராகப் பேட்டரி முனையில் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். ராத்திரி அணைக்க மறந்திருக்கிறார், விடிந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கிரிப் ஜோடி முழுச் சூட்டில் 4 ஆம்பியர் வரை இழுக்கும், அதாவது 48 வாட். ஹெட்லைட் பல்பு 55 வாட் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், இன்னொரு ஹெட்லைட்டைக் கூட எரிப்பது போல. உங்கள் பேட்டரி 8 ஆம்பியர்-அவர் (Ah). இன்ஜின் ஓடாமல் இரண்டு மணி நேரம் எரிந்தால் காலி.

அதைவிட எனக்குப் பயமாக இருந்தது வலது பக்க ஒயர். ஆக்சிலேட்டர் முறுக்கும்போது அந்த கிரிப்போடு ஒயரும் சேர்ந்து சுற்றும். அவர் வண்டியில் ஒயரை இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார்கள். முறுக்கி விட்டால் கிரிப் முழுதாகத் திரும்பி வரவில்லை, கடைசி அரை விரற்கடை நின்றுவிட்டது. மலை இறக்கத்தில் ஆக்சிலேட்டர் திரும்பாவிட்டால் என்ன ஆகும்? ஹேண்டிலை முழுசாக இடது பக்கம் திருப்பி, அப்புறம் வலது பக்கம் திருப்பி, இரண்டு நிலையிலும் முறுக்கி விட்டுப் பாருங்கள். ‘டக்’கென்று தானே திரும்பணும். ஒயரில் அதற்கான தளர்வு விட்டுத்தான் கட்டணும்.

இரண்டு கிரிப்பும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் மாற்றி மாட்ட முடியாது. வலது பக்கத்தில் ஆக்சிலேட்டர் குழாய் மேல் ஏறுவதால் அதன் உள்துளை பெரிது. ரிலே போட்டு, சாவி திருப்பினால்தான் கரண்ட் போகிற மாதிரி எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வையுங்கள். ஃப்யூஸ் அளவு கிரிப்போடு வந்த தாளில் இருக்கும், அதற்கு மேல் போடாதீர்கள்.

கண்டனூர்:

நான் ஊட்டியில் ஆசிரியை. தினமும் காலை ஏழரைக்கு ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம். ஆறு கிலோமீட்டர்தான். பேட்டரி கிளவுஸ் என் கைக்குப் பெரிதாக இருந்தது, விரல் நுனியில் அரை அங்குலம் காலியாகத் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு பிரேக் பிடிக்கவே பயம். ஹேண்டில்பார் மேல் மாட்டுகிற மஃப், உறை மாதிரி இருக்குமே, அதை வாங்கினேன். அதற்குள் கையை விட்டால் காற்றே படாது. என் தூரத்துக்கு அதுவே போதும், கரண்டே வேண்டாம்.

நான் எழுத வந்தது இதற்காக இல்லை, அண்ணே. போன தைப்பூசத்துக்கு அப்பச்சி பழனிக்குப் பாதயாத்திரை முடித்துவிட்டு என்னோடு ஊட்டிக்கு வந்து ஒரு வாரம் இருந்தார்கள். அவர்களுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. அந்தப் பெரிய கிளவுஸ் சும்மா கிடக்கிறதே என்று அப்பச்சிக்குக் கொடுத்தேன். முழுச் சூட்டில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். கழற்றினால் இரண்டு விரல் கணுவில் சிவந்து கொப்புளம். “சுடவே இல்லையே ஆத்தா” என்றார்கள். சர்க்கரையால் விரல் நுனி நரம்பு உணர்ச்சி குறைந்திருந்தது எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரம் யோசிக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்காது. வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால், கிரிப்போ கிளவுஸோ, குறைந்த சூட்டுக்கு மேல் வைக்க விடாதீர்கள். இடையிடையே கழற்றி, கண்ணால் பாருங்கள்.

பள்ளத்தூர்:

எல்லாரும் கையையே பார்க்கிறீர்கள். நெஞ்சுக்கூடு குளிர்ந்தால் உடம்பு கைக்குப் போகிற ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். காற்றுப் புகாத ஜாக்கெட், கழுத்துக்கு ஒரு துணி, இதைப் போட்ட பிறகு எனக்குச் சாதாரண கிளவுஸிலேயே கொடைக்கானல் தாங்கியது. ஜாக்கெட் இல்லாத காலத்தில் சட்டைக்குள் தினத்தாளை மடித்து வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறோம், அதுவும் வேலை செய்தது.

காரைக்குடி:

தேவகோட்டை அண்ணே, வாடகை வண்டிதான். அது என் மண்டையில் ஏறவே இல்லை. கிளவுஸும் இரண்டாவது ஜோடிப் பேட்டரியும் வாங்கிவிடுகிறேன். கண்டனூர் ஆச்சி, எங்கள் நாலு பேரில் மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. இன்றைக்கே அவரிடம் பேசிவிட்டேன். கால் மணிக்கு ஒரு தரம் நிறுத்திக் கையைக் காட்டச் சொல்லியிருக்கிறேன், சரி என்றார்.

புதுவயல் அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்ததும் இறங்கிப் போய் வண்டியைப் பார்த்தேன். ரிலே இருக்கிறது. ஆனால் ஹேண்டிலை முழுசாக இடது பக்கம் திருப்பி முறுக்கினால் ஆக்சிலேட்டர் மெதுவாகத்தான் திரும்புகிறது. ஒரு வருஷம் இப்படியே மலை இறங்கியிருக்கிறேன். நாளைக்குக் காலையில் கடை திறக்கும்போது வண்டியோடு வந்துவிடுகிறேன்.