வெயிலில் நிற்கும் காரில் எந்த உணவு தாங்கும்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியில் காருக்குள் ஏழு மணி நேரம் மாட்டிக்கொண்டோம். கையில் இருந்தது அரை பாட்டில் தண்ணீர். அன்றிலிருந்து டிக்கியில் ஓர் அவசரப் பை வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் சரி, கோடையில்தான் தோற்கிறேன். வண்டி 2019 வேகன் ஆர், நாள் முழுக்க நிழலில்லாத இடத்தில் நிற்கிறது.

பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் மூன்றே வாரத்தில் நெடி அடித்தது. எவர்சில்வருக்கு மாறினேன், தண்ணீர் பரவாயில்லை. கடலை மிட்டாய் உருகி உறையோடு ஒட்டிக்கொண்டது, பிய்த்தால் காகிதமும் சேர்ந்து வருகிறது. முந்திரியில் சிக்கு வாடை. பேரீச்சை தாங்கியது, ஆனால் எறும்பு கண்டுபிடித்துவிட்டது! தெர்மாகோல் பெட்டியும் மாலைக்குள் சூடாகிவிடுகிறது.

வீட்டில் நால்வர், அப்பாவுக்குச் சர்க்கரை நோய். மே மாத வெயிலில் மூடிய டிக்கியில் ஒரு மாதமாவது கெடாமல் இருந்ததாக நீங்களே பார்த்த உணவு எது, அதை எதில் அடைத்து வைத்தீர்கள்?