வளவு வீட்டுக் குழு: மதியம் எங்கே படுப்பது?

வியாழன்

சொக்கு (8.12): நாளை ராத்திரி பல்லவன் ரயிலில் வந்து இறங்குகிறேன். சனிக்கிழமை ஒரே நாளில் நம் நகரத்தார் குலக் கோயில் ஒன்பதும். காலை 6 மணிக்கு வேன். மாத்தூர், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இளையாத்தங்குடி, இரணியூர், நேமம், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி. நடுவில் திருமயம் கோட்டையும் ஏறிவிடலாம்.

மீனா ஆச்சி (8.15): தம்பி, மூச்சு விட எத்தனை மணிக்கு?

சொக்கு (8.15): வேனிலேயே தூங்கிக்கொள்ளலாம் ஆச்சி 😄

மீனா ஆச்சி (8.19): வேனில் தலை ஆடுவதற்குப் பேர் தூக்கமா? மதியம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை கோயில் வாசலில் வேனுக்குள் வேகப் போகிறாயா? காலையில் நாலு கோயில். அப்புறம் கானாடுகாத்தான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுக்கிறோம். மிச்சம் சாயங்காலம், முடிந்தவரை.

சொக்கு (8.21): லீவு கிடைப்பதே இரண்டு நாள். அதிலும் படுத்தால் எதற்கு ஊருக்கு வர வேண்டும்?

வள்ளி (8.26): அண்ணே, போன மாதம் கோவையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது, கழற்றி வைத்த செருப்பு காலில் ஏறவில்லை. அவ்வளவு வீக்கம். கெண்டைக்கால் அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். உட்கார்ந்தே கிடந்தால் காலிலேயே தங்கிவிடும். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து அரைமணி படுத்த பிறகுதான் வடிந்தது. முப்பது வயதில் இதெல்லாம் தெரியவே இல்லை.

ராமு அயித்தான் (8.31): மாப்பிள்ளை, வள்ளி சொல்வதைக் கேளுங்கள். போன வருஷம் ராமேசுவரத்தில் சாப்பிட்டுவிட்டு நேரே காரை எடுத்தேன். திருவாடானை தாண்டி ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தேன், அவ்வளவுதான். சக்கரம் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிவிட்டது. மீனா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

மீனா ஆச்சி (8.32): என்னது??

🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா ஆச்சி (8.33): அழித்தால் ஆச்சா? படித்துவிட்டேன். திண்ணையில்தானே இருக்கிறீர்கள், உள்ளே வாருங்கள்.

வள்ளி (8.34): 🙈

மீனா ஆச்சி (9.10): பேசியாகிவிட்டது. தம்பி, இதையும் கேள். அப்பச்சி தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு எத்தனை வருஷம் நடந்தார்கள்! விடியுமுன் கிளம்புவார்கள், வெயில் ஏறினால் ஒரு தோப்பில் துண்டை விரித்துவிடுவார்கள். அவர்களுக்கு இல்லாத பக்தியா நமக்கு? வேன் டிரைவருக்கும் முகப்பில் பாய் போடச் சொல்லியிருக்கிறேன். ஓட்டுகிறவர்தான் முதலில் தூங்க வேண்டும். அயித்தானுக்கும் அது இப்போது புரிந்துவிட்டது.

சொக்கு (9.14): சரி ஆச்சி. திருமயத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

சனி

வள்ளி (1.48): 📷 வெண்டைக்காய் மண்டியும் அப்பளமும் உள்ளே போனதும் ஆள் ஆளுக்கு ஒரு மூலை. அயித்தான் பாயே வேண்டாமென்று வெறும் கல்லில் படுத்துவிட்டார். அந்தக் குளுமைக்கு ஏசி எதற்கு? வளவு முற்றத்தில் புறா சத்தம் மட்டும்தான். டிரைவர் குறட்டை முகப்பிலிருந்து இங்கே வரை கேட்கிறது.

மீனா ஆச்சி (1.50): போனை வைத்துவிட்டுப் படு. சொக்கு எங்கே?

வள்ளி (1.51): தூக்கம் வரவில்லையாம். அயித்தான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆத்தங்குடிக்குத் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடுவதைப் பார்க்கப் போய்விட்டார்.

சொக்கு (2.20): 📷 இங்கேயும் இதே கதை. பட்டறையில் நாலு பேரும் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். பெரியவர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, கண்ணாடி மேல் சாயம் ஊற்றுவதைப் பார்க்க வேண்டுமென்றால் மூணு மணிக்கு மேல் வாருங்கள் என்றார். தொட்டித் தண்ணீருக்குள் கல் வரிசையாகக் கிடக்கிறது. அதுவும் சில நாள் ஊற வேண்டுமாம், அவசரப்பட்டு எடுத்தால் விரிசல் விட்டுவிடுமாம்.

வள்ளி (4.04): அண்ணே, எங்கே இருக்கிறீர்கள்? டிரைவர் எழுந்து முகம் கழுவிவிட்டார்.

வள்ளி (4.11): அண்ணே?

சொக்கு (4.26): பட்டறைத் திண்ணையில். பெரியவர் ஒரு துண்டு கொடுத்தார். கல் போட்டதைப் பார்க்கவே இல்லை 😴

மீனா ஆச்சி (4.27): இளையாத்தங்குடிக்கு 5 மணிக்குப் போனால் போதும். வரும்போது டீக்குப் பால் வாங்கி வா.