தினமும் காலையில் நாலு மீன் செத்து மிதக்கிறது: அக்வாபோனிக்ஸ் தொட்டியில் எங்கே தப்பு?

முருங்கைநிழல்:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் திண்டுக்கல் பக்கம். வீட்டுக் கொல்லையில் முதல் தடவையாக அக்வாபோனிக்ஸ், அதாவது மீன் தொட்டித் தண்ணீரிலேயே செடியும் வளர்க்கிற முறை, போட்டிருக்கிறேன். கம்பிக் கூண்டோடு வரும் ஆயிரம் லிட்டர் வெள்ளை டேங்க் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி இரண்டாக அறுத்தோம். அடிப்பாகம் மீனுக்கு, 650 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. மேல்பாகத்தில் ஒரு அடி உயரத்துக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி. சின்ன மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுகிறது, நிரம்பியதும் தானாகவே வடித்துவிடுகிற பெல் சைபன் குழாய் வழியாகக் கீழே இறங்குகிறது.

விரல் நீள ஜிலேபிக் குஞ்சு 60 விட்டேன். மேலே பாலக், தக்காளி. இன்றோடு 24 நாள். முதல் வாரம் துள்ளிக்கொண்டு இருந்தன. கடைசி ஒரு வாரமாகத் தினமும் காலையில் மூன்று, நாலு என்று மிதக்கின்றன. இப்போது 37தான் மிச்சம். பாலக்கும் மஞ்சளடிக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் தண்ணீர் கெட்டுவிட்டது, மொத்தமாக மாற்று என்கிறார். என்ன செய்வது?

கெண்டைக்காரன்:
டேங்கில் முன்னால் என்ன இருந்தது? கெமிக்கல் டேங்க் என்றால் பேச்சே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். அது இல்லையென்றால் மீனுக்கு நோய்தான். கொஞ்சம் மருந்து போட்டுப் பாருங்கள்.

சைபன்தாத்தா:
தம்பி, மருந்து போடாதே, போடவும் சொல்லாதே. என்ன நோய் என்று தெரியாமல் போடுகிற மருந்து நல்ல பாக்டீரியாவைத்தான் முதலில் கொல்லும்.

அம்மா, இதற்கெல்லாம் பதில் எழுதுங்கள். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (அமில, கார அளவு) எவ்வளவு? டெஸ்ட் கிட் இல்லையென்றால் வண்ணமீன் கடையில் கிடைக்கும், இன்றே வாங்குங்கள். தீவனம் ஒரு நாளைக்கு எத்தனை கிராம்? என்ன தண்ணீர்? மஞ்சளடிப்பது பழைய இலையா, புது இலையா? வாரத்தில் தொட்டிக்கு வேறு என்னென்ன செய்கிறீர்கள்? ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள்.

முருங்கைநிழல்:
டேங்கில் குளுக்கோஸ் பாகு இருந்தது, நன்றாகக் கழுவித்தான் அறுத்தோம். கிட் வாங்கிவிட்டேன், தாத்தா. அம்மோனியா 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மில்லிகிராம்), சோதனைக் குழாய் கரும்பச்சையாக மாறியதைப் பார்த்துப் பயந்தே போனேன். நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் பூஜ்யம். பிஎச் 8.2. ஆனால் போர் தண்ணீரைத் தனியாகப் பார்த்தால் 7.6தான் காட்டுகிறது. மஞ்சள் புது இலையில்தான், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது.

தீவனம் 32 சதவீதப் புரதம், மிதக்கிற ரகம். மூன்று வேளையும் ஒரு கைப்பிடி. இப்போது நிறுத்துப் பார்த்தேன், மொத்தம் 100 கிராம் வருகிறது. வேறொன்றும் செய்வதில்லை. ஜல்லியில் கசடு சேர்ந்து நாற்றம் வருவதால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அள்ளி வெளியே கொட்டி, நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் அலசிப் போடுகிறேன். சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன்.

சைபன்தாத்தா:
அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் மீனைக் கொல்கிறது.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது. ஜல்லியில் ஒட்டி வாழும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்தான் செடிக்குச் சாப்பாடு. இந்தப் படை வளர நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் ஏழு நாளைக்கு ஒரு தடவை குளோரின் கலந்த தண்ணீரில் அலசி, அதை மறுபடி ஒன்றாம் தேதிக்குக் கொண்டுபோய் விடுகிறீர்கள். நைட்ரைட் பூஜ்யம் என்று நீங்கள் சொன்னதிலேயே தெரிந்துவிட்டது, முதல் படியே தொடங்கவில்லை.

அடுத்தது தீவனம். 100 கிராமிலிருந்து ஏறக்குறைய 3 கிராம் அம்மோனியா வரும். அது 650 லிட்டரில் கரைந்தால் ஒரே நாளில் நாலரை பிபிஎம். விரல் நீளக் குஞ்சு ஐந்து கிராம் என்று வைத்தாலும் 37 குஞ்சு 200 கிராம்கூடத் தேறாது. அதற்கு 10 கிராம் தீவனம் தாராளம்.

மூன்றாவது பிஎச். அம்மோனியாவில் விஷமான பங்கு பிஎச் ஏறினால் கூடும். தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும்போது பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட விஷமில்லை. 8.2 என்றால் பதினொரு பங்கு விஷம். அதே நாலு பிபிஎம் தண்ணீர், ஆபத்து பத்து மடங்குக்கு மேல்.

இன்றிரவே பாதித் தண்ணீரைப் போர் தண்ணீரால் மாற்றுங்கள். மொத்தமாக மாற்ற வேண்டாம், திடீர் மாற்றம் மீனுக்கு ஆகாது. இரண்டு நாள் தீவனமே கிடையாது. குஞ்சு பட்டினி தாங்கும், அம்மோனியா தாங்காது. ஏர் பம்ப் இருந்தால் இரவு முழுக்க ஓடட்டும். விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு.

ஈரமண்:
தாத்தா சொன்னதோடு ஒன்று. போரில் 7.6, தொட்டியில் 8.2 என்றால் நடுவில் ஏதோ சுண்ணாம்பு கலக்கிறது. ஜல்லியில் ஒரு பிடி எடுத்து வெள்ளை வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் அதுதான்.

முருங்கைநிழல்:
ஊற்றினேன்! கறுப்புக் கல் ஒன்றும் ஆகவில்லை. நடுநடுவே இருந்த வெளுத்த கல் சோடா மாதிரிப் பொங்கியது. பத்துக்கு மூன்று கல் அப்படி. எலுமிச்சைச் சாறு ஊற்றி பிஎச்சைக் குறைக்கலாமா?

ஈரமண்:
வேண்டவே வேண்டாம். காலையில் குறையும், சாயங்காலம் கல் மறுபடி ஏற்றிவிடும். மீன் ஊஞ்சலாட முடியாது. அந்த வெள்ளைக் கல் சுக்கான்கல், நம் பக்கத்தில் சாதாரணம். ஜல்லியையே மாற்றுங்கள். பாக்டீரியா இன்னும் பிடிக்கவில்லை என்பது இந்த விஷயத்தில் மட்டும் வசதி, மொத்தமாக மாற்றினாலும் நஷ்டமில்லை. கருங்கல் ஜல்லி எடுங்கள், ஆனால் லாரியில் கொட்டுமுன் வினிகர் பாட்டிலோடு போய் நில்லுங்கள். நன்றாக வெந்த செங்கல்லை உடைத்தும் போடலாம், எடையும் குறைவு.

பாலக் மஞ்சளுக்கு இரும்புச் சத்துதான் காரணம். தண்ணீரில் இருந்தாலும் இவ்வளவு பிஎச்சில் வேர் எடுக்காது. உரக்கடையில் கீலேட் இரும்பு (தண்ணீரில் கரைந்தே நிற்கிற இரும்பு) கேட்டால் பெரும்பாலும் இடிடிஏ ரகம் தருவார்கள், அது இந்த பிஎச்சில் வீண். இடிடிஎச்ஏ என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் சிவப்பாகும், பயப்படாதீர்கள்.

கெண்டைக்காரன்:
மருந்து சொன்னது என் தப்புதான். அதற்குப் பரிகாரமாக, ஒட்டன்சத்திரத்தில் என் தொட்டி மூன்று வருடமாக ஓடுகிறது. ஒரு வலைப்பை நிறைய ஜல்லி தருகிறேன். ஈரத்தோடு கொண்டுபோய் உங்கள் தொட்டியில் புதைத்தால் பாக்டீரியா சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கசடுக்கு, தண்ணீர் மேலே ஏறுமுன் ஒரு பெரிய வாளியில் சுற்றித் தேங்கிப் போகிற மாதிரி வையுங்கள். அடியில் படிவதை மட்டும் வாரம் ஒரு முறை திறந்து விட்டால் போதும், அதையே முருங்கைக்கு ஊற்றலாம்.

முருங்கைநிழல் (12 நாள் கழித்து):
ஜல்லி மாற்றியாகிவிட்டது. ஒட்டன்சத்திரம் பையும் வந்தது, நன்றி அண்ணே. பிஎச் 7.6. அம்மோனியா 1. ஆனால் நைட்ரைட் 3 காட்டுகிறது, இரண்டு மீன் தண்ணீர் விழுகிற இடத்திலேயே வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன.

சைபன்தாத்தா:
முதல் படை வந்துவிட்டது, இரண்டாவது படை வந்துகொண்டிருக்கிறது. நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாது, அதனால்தான் வாய் திறக்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழையாமல் தடுக்கும். 300 கிராம் கல்லுப்பை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். அயோடின் கலந்த தூள் உப்பு வேண்டாம். பாலக்கும் தக்காளியும் இந்த அளவைத் தாங்கும். நைட்ரைட் இறங்கும் வரை தீவனத்தைக் கூட்டாதீர்கள்.

முருங்கைநிழல் (இன்னும் ஒரு மாதம் கழித்து):
அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 40. மூன்று வாரமாக ஒரு மீன்கூடச் சாகவில்லை, 31 இருக்கின்றன. பாலக் இரண்டு தடவை அறுத்தாகிவிட்டது. ஒரே ஒரு தொல்லை, தாத்தா. சைபன் தண்ணீரை இழுத்து முடிக்கும்போது கொடகொடவென்று ஒரு சத்தம். அரை மணிக்கு ஒரு தரம், ராத்திரி தூக்கமே வருவதில்லை. என்ன கோளாறு?

சைபன்தாத்தா:
கோளாறு இல்லை அம்மா. காற்றை இழுத்து நிற்கிற சத்தம் அது, வரவில்லை என்றால்தான் எழுந்து ஓட வேண்டும். கட்டிலை முன் அறைக்கு மாற்றுங்கள்.