தெலுக் பஹாங்கில் ஒரு நாள்: கெராச்சுட்டா, குரங்குக் கடற்கரையா?

செந்தூல்வாசி கேட்டது:

வணக்கம். பள்ளி விடுமுறையில் கே.எல்.லிலிருந்து பினாங்கு வருகிறோம். நாங்கள் இருவர், 8 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே என் அம்மா. அம்மாவுக்கு வயது 64. நன்றாக நடப்பார், ஆனால் முழங்கால் வலி உண்டு. ஜார்ஜ்டவுனில் தங்குகிறோம், கார் இல்லை. சனிக்கிழமை முழுவதும் தெலுக் பஹாங்குக்கு என்று வைத்திருக்கிறோம்.

தேசியப் பூங்காவுக்குள் கெராச்சுட் போவதா, குரங்குக் கடற்கரைக்குப் போவதா? நடையா, படகா? பிள்ளைகள் கடலில் குளிக்க வேண்டும் என்கிறார்கள். ஆமை பார்க்கவும் ஆசை. மாலையில் சூரியன் மறைவதையும் அங்கேயே பார்த்துவிட்டுத் திரும்பலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மலைப்பாதை:

முதலில் கடைசிக் கேள்வி. பூங்கா மாலை 5 மணிக்கு மூடிவிடும், பினாங்கில் சூரியன் மறைய 7 மணி தாண்டும். ஆகவே உள்ளே அந்தி பார்ப்பது கூடாரம் போட அனுமதி வாங்கியவர்களுக்கு மட்டும்தான். அதோடு தெலுக் பஹாங் கம்பம் (கிராமம்) வடக்கு பார்த்த கரை. மேற்கே முக்கா ஹெட் முனை மறைத்துக்கொண்டு நிற்கும். அந்தியை விட்டுவிடுங்கள்.

இரண்டு கடற்கரையும் வாசலிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம், 3½ கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். தூரம் ஒன்றானாலும் நடை ஒன்றல்ல. வாசல் தாண்டிக் கொஞ்ச தூரம் கரையோரமாகப் போனால் பாதை பிரியும். கடலை ஒட்டியே போவது தெலுக் ஆலிங் வழியாகக் குரங்குக் கடற்கரைக்கு (மலாயில் தெலுக் டுயோங்). இடப்பக்கம் காட்டுக்குள் ஏறுவது கெராச்சுட்டுக்கு.

கரையோரப் பாதை பெரும்பாலும் மட்டம்தான் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை. வேர், பாறை, சிறு சிறு ஏற்ற இறக்கம் என்று வந்துகொண்டே இருக்கும். மழைக்குப் பிறகு மண் சரிந்தோ பலகைப் பாலம் உடைந்தோ அந்தப் பாதையில் ஒரு பகுதியை மூடிவிடுவதும் உண்டு. பதிவு செய்யும் முகப்பில் "இன்று எந்தப் பாதை திறந்திருக்கிறது" என்று கேட்ட பிறகே முடிவெடுங்கள். கெராச்சுட் பாதை ஒரு மலைமுகட்டைத் தாண்டுகிறது. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் வாங்கும். மறுபக்க இறக்கத்தில் படிகள் உயரம் உயரமாக இருக்கும். அம்மாவுக்கு அது வேண்டாம்.

பிள்ளைகளோடு கெராச்சுட் போக 2 மணி நேரம் வையுங்கள், பெரியவர்கள் மட்டுமென்றால் 1½. ஆளுக்குக் குறைந்தது 1½ லிட்டர் தண்ணீர். வாசல் தாண்டினால் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். காட்டுக்குள் காற்று அசையாது, ஈரப்பதத்தில் வேர்த்துக் கொட்டும். தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, உப்புப் பிஸ்கட்டோ 100 பிளஸ் பானமோ பையில் இருக்கட்டும். ஜப்பான் செருப்பில் இறங்கினால் ஈர இலைமேல் வழுக்கும். பழைய பள்ளிக் காலணியே போதும்.

அடையாள அட்டையை எடுத்து வாருங்கள். அலுவலகம் காலை 8 மணிக்குத் திறக்கும். பெயர் எழுதியவர்கள் திரும்பும்போதும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் உங்களைத் தேட ஆள் அனுப்புவார்கள்.

---

தூண்டில்:

நடையைப் பற்றி மலைப்பாதை சொல்லிவிட்டார். நான் கடல் பக்கம்.

வரைபடத்தைப் பாருங்கள். குரங்குக் கடற்கரை முக்கா ஹெட் முனைக்கு இந்தப் பக்கம், வடக்குக் கரையில் இருக்கிறது. கெராச்சுட் முனையைச் சுற்றி மேற்குக் கரையில். முனையில்தான் அலை அடிக்கும். காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கும் கடல், மதியத்துக்கு மேல் காற்று ஏறியதும் குதிக்க ஆரம்பிக்கும். குரங்குக் கடற்கரைக்கு 3 மணிக்கும் படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே கெராச்சுட்டுக்கு வர முடியாது என்று படகுக்காரர் மறுப்பது இதனால்தான். அங்கே மாட்டிக்கொண்டால் மலையேறி நடந்தே திரும்ப வேண்டும், அதுவும் 5 மணிக்குள்.

படகுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கில்லை, முழுப் படகுக்குத்தான் விலை. ஐந்து பேர் என்றால் அது உங்களுக்கு லாபம். போகவர சேர்த்து எத்தனை வெள்ளி என்று முதலிலேயே பேசி, பாதியைத் திரும்பும்போது கொடுங்கள். படகுக்காரரின் கைப்பேசி எண்ணை வாங்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், உள்ளே தொடர்பு விட்டு விட்டுத்தான் வரும். இத்தனை மணிக்கு, இந்தக் கரையில் என்று வாயால் உறுதி செய்துகொள்வதுதான் பிடிமானம். லைஃப் ஜாக்கெட் பிள்ளைகள் அளவில் இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் போட்டுப் பாருங்கள். பெரியவர்களுடையதைப் போட்டால் தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்றுவிடும்.

இன்னொன்று, ஆயர் சூரூட், அதாவது கடல் வற்றம். கடல் ஏறி உச்சிக்கு வந்து சுமார் 6 மணி நேரத்தில் வற்றிவிடும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் 50 நிமிடம்போலத் தள்ளிப்போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே சுமார் 2 மீட்டர் வித்தியாசம் வரும். நன்றாக வற்றியிருக்கும்போது படகு கரைக்கு வராது, தொடையளவு தண்ணீரில் நடந்து போய் ஏற வேண்டியிருக்கும். அம்மாவை நினைத்துப் பாருங்கள். பினாங்கு ஏற்ற வற்ற அட்டவணையை இணையத்தில் பார்த்து, வற்றத்தின் அடிமட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்தைத் தவிர்த்துப் படகு பேசுங்கள். கைப்பேசி, மருந்து, மாற்றுத்துணி எல்லாம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வரட்டும்.

---

செந்தூல்வாசி:

ரொம்ப நன்றிங்க. அப்படியென்றால் குளிப்பது எங்கே? கெராச்சுட்டில் குளிக்கக்கூடாதா?

---

மலைப்பாதை:

கூடாது. அறிவிப்புப் பலகையே இருக்கிறது. கரை சட்டென்று ஆழமாகிறது, இழுப்பு உண்டு, ஜெல்லி மீனும் உண்டு. கெராச்சுட் பார்ப்பதற்கும் உட்காருவதற்கும்தான். குளிக்க ஆசையென்றால் குரங்குக் கடற்கரை, அதுவும் இடுப்பளவுத் தண்ணீர்வரை.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் ஏமாறக்கூடாது. பெர்ஹெந்தியான் தீவு மாதிரி தெளிந்த நீர் இங்கே கிடையாது. மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது, ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் சேறும் அலையில் கலங்கிக்கொண்டே இருக்கும். நீச்சல் கண்ணாடியைச் சுமந்து வருவது வீண்.

ஜெல்லி மீன் பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், துண்டால் தேய்க்காதீர்கள். இரண்டுமே தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொட்டும் செல்களை வெடிக்க வைக்கும். சாதாரணச் சமையல் வினிகர் ஒரு சிறு புட்டியில் எடுத்து வாருங்கள். பட்ட இடத்தில் அரை நிமிடமாவது ஊற்றி, இழைகளைக் குச்சியால் எடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ பரவும் வலியோ இருந்தால் காத்திருக்காமல் படகை அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

---

பூலாவ் திக்குஸ் அக்கா:

தம்பி, நீங்க அஞ்சு பேரும் ஒண்ணாவே சுத்தணும்னு நினைக்கிறதாலதான் குழப்பம். ரெண்டா பிரிஞ்சுக்கோங்க, ஒரே படகு போதும்.

காலையில 7 மணிக்கு வெல்ட் கீ படகுத்துறை முனையத்துல 101 பஸ் ஏறுங்க. கொம்தார்லயும் ஏறலாம், ஆனா அங்க உட்கார இடம் கிடைக்காது. பஸ்ஸுல மீதிக்காசு தரமாட்டாங்க, சில்லறை வச்சுக்கோங்க. தெலுக் பஹாங் போக ஒண்ணேகால் மணி நேரம்னு வைங்க. சனிக்கிழமை 9 மணிக்கு மேல கிளம்பினா பத்து பெரிங்கிங்கிற ஊர்ப்பக்க வளைவுகள்ல நிக்க வேண்டியதுதான். இறங்கினதும் கம்பத்து ஒட்டுக்கடையில ரொட்டி சானாயோ நாசி லெமாக்கோ பசியாறிட்டு, மதியத்துக்கும் கட்டிக்கோங்க.

அப்புறம் நீங்க பெரிய பிள்ளையைக் கூட்டிக்கிட்டு 8:45 போல கெராச்சுட்டுக்கு நடங்க. மனைவி, அம்மா, சின்னது மூணு பேரும் பத்தரைக்குப் படகுல குரங்குக் கடற்கரைக்குப் போகட்டும். அதே படகு 12 மணிக்கு முனையைச் சுத்தி வந்து உங்களைக் கெராச்சுட்ல ஏத்தி, குரங்குக் கடற்கரையில விடட்டும். எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டு, குளிச்சு, ரெண்டரைக்குள்ள வாசலுக்கு வந்துடலாம். படகுக்காரர்கிட்ட இந்த மூணு ஓட்டத்தையும் ஒரே பேச்சா பேசுங்க.

குரங்கைப் பத்தி யாரும் சொல்லலையே! கம்பி வேலிக்குள்ள இருக்கிற குரங்கு இல்ல அது. பிளாஸ்டிக் பை சலசலன்னாலே சாப்பாடுன்னு அதுக்குத் தெரியும். சாப்பாட்டை ஜிப் போட்ட முதுகுப்பையில வைங்க, பையை மணல்ல வச்சிட்டுக் கடல்ல இறங்காதீங்க, ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும். பல்லைக் காட்டினா சிரிக்குதுன்னு பிள்ளைங்க திருப்பிச் சிரிக்கும். அதுக்கு அது சண்டைக்கு அழைப்பு. கண்ணைப் பார்க்காம மெதுவா பின்வாங்கச் சொல்லுங்க. கடிச்சா, கீறினா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு கிளினிக் போயிடணும். அதனால ஒரு பாட்டில் தண்ணியும் ஒரு துண்டு சோப்பும் தனியா இருக்கட்டும்.

மணல்ல ஆகாஸ் பூச்சியும் இருக்கு. கடிக்கும்போது தெரியாது, ராத்திரி ஓட்டல்ல போய்த்தான் அரிக்கும். காலு முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிட்டா பூச்சி அதுல ஒட்டிக்கும், அவ்வளவா கடிக்காது.

---

தூண்டில்:

அக்கா சொன்ன ஏற்பாடு சரி. ஒரு திருத்தம்: அந்த நாள் 12 மணி கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரமானால் படகு நேரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள், பின்னால் அல்ல. பின்னால் தள்ளினால் காற்றில் மாட்டுவீர்கள்.

---

மலைப்பாதை:

கெராச்சுட் போகிறவர்கள் கரைக்குப் பின்னால் இருக்கும் ஏரியைக் கவனிக்காமல் கடலுக்கு ஓடிவிடுகிறார்கள். பாலத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மலையோடை கொண்டுவரும் நன்னீர் மேலே, பெரிய ஏற்றத்தில் மணல்மேட்டைத் தாண்டி வரும் கடல்நீர் கீழே. உப்புநீர் கனமானது என்பதால் இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். மேலே குளிர்ச்சி, கீழே வெதுவெதுப்பு. 11 வயதுப் பிள்ளைக்கு அறிவியல் பாடமே நேரில் கிடைக்கும். ஆனால் மழை இல்லாத மாதங்களில் ஏரி வற்றி வெறும் சேறாகக் கிடக்கும். டிசம்பர் விடுமுறையிலோ அதற்குப் பிந்தி பிப்ரவரிவரையிலோ வந்தால் அதை எதிர்பார்க்காதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் ஏரி நிறைந்திருக்கும். அப்போது பாதை வழுக்கும், எதையாவது ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

ஆமை விஷயம். முட்டையிடுவது இரவில். பகலில் நீங்கள் பார்ப்பது கெராச்சுட்டில் உள்ள ஆமைப் பாதுகாப்பு நிலையத்தில் தொட்டியில் இருக்கும் குஞ்சுகளையும், வேலி போட்டு முட்டை புதைத்த மணலையும்தான். குஞ்சு பொரிக்க இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள், குறைந்தால் ஆண். தொட்டிக்குள் கை விட வேண்டாம், ஃபிளாஷ் போட வேண்டாம். தொட்டியில் குஞ்சு இல்லாத நாளும் உண்டு, பிள்ளையிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் 1883-இல் கட்டியது, 14 மீட்டர் உயரம். குரங்குக் கடற்கரையிலிருந்து செங்குத்தாக ஏற வேண்டும். இந்தத் திட்டத்தில் அதற்கு நேரமில்லை.

---

செந்தூல்வாசி:

அக்கா, தூண்டில், மலைப்பாதை மூவருக்கும் நன்றி. பிரிந்து போகிற யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. காலையிலேயே மழை பிடித்துக்கொண்டால்?

---

பூலாவ் திக்குஸ் அக்கா:

விடியக்காலையில காத்தோட வர்ற மழைன்னா பெரும்பாலும் 10 மணிக்குள்ள விட்டுடும். ஆனா அன்னிக்கு நடையை மறந்துடுங்க, கடல் அடங்கினதும் படகு மட்டும். விடவே இல்லன்னா பக்கத்துலயே எந்தோப்பியா பட்டாம்பூச்சிப் பூங்கா இருக்கு, அம்மாவுக்கும் பிடிக்கும். பத்து பெரிங்கிக்கும் தெலுக் பஹாங்குக்கும் நடுவுல மசாலாத் தோட்டம் ஒண்ணு இருக்கு, ஜாதிக்காய், லவங்கம், பட்டை எல்லாம் மரமாவே பார்க்கலாம். தூறல்ல அது இன்னும் அழகு, ஆனா சரிவான இடம், அம்மாவுக்குக் கைத்தடி எடுத்துக்கோங்க. 101 பஸ் அதோட வாசல்லயே போகுது, இறங்கணும்னு டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, வளைவுல அந்த நிறுத்தம் சட்டுன்னு வந்துடும்.