வெதரிங்: ‘புழக்கமேற்றல்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்

மாதிரி செய்யும் கலைக்குத் தமிழ்ச் சொற்களைத் தேடும் நம் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உண்மை டாங்கியைக் குறித்த விகிதத்தில் சிறிதாக்கிய பிளாஸ்டிக் மாதிரியைப் (ஒப்பளவு மாதிரியைப்) பொருத்தி வண்ணம் பூசியபின், அதற்குக் களத்தில் ஓடிய வண்டியின் தோற்றத்தைக் கொண்டுவரும் வேலையை நாம் இன்றுவரை ‘வெதரிங்’ என்றே எழுதி வருகிறோம். இதற்கு நிலவியல் ஆசிரியரான ஐயா ‘வானிலைச் சிதைவு’ என்பதையும், அம்மையார் ‘பழமையூட்டல்’ என்பதையும் முன்வைத்திருக்கிறார்கள். இருவரும் சொன்ன காரணங்களை மதிக்கிறேன். ஆயினும் மேசையில் நடக்கும் வேலையை வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

‘வானிலைச் சிதைவு’ பள்ளிப் புவியியல் பாடத்திலேயே நிலைபெற்ற நல்ல சொல். சேலத்தில் வாழ்பவர்களுக்கு அதன் பொருள் கண்ணெதிரே மலையாக நிற்கிறது. சேர்வராயன் மலைகளின் உச்சியில் சார்னோகைட் பாறை வெப்பத்துக்கும் மழைக்கும் நெடுங்காலம் ஆட்பட்டு, கரையக்கூடியவையெல்லாம் நீரோடு போய்விட, அலுமினியம் மிகுந்த பாக்சைட் எஞ்சியது. ஏற்காட்டுப் பகுதியில் வெட்டிய அந்தக் கனிமம்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. அந்தச் சிதைவைச் செய்பவர் எவரும் இல்லை. பாறை தானாகச் சிதைகிறது, தன்னிடமிருந்ததை இழக்கிறது. நம் வேலையிலோ பிளாஸ்டிக் சிறிதும் சிதைவதில்லை. அதன்மேல் படலம் படலமாக நிறத்தையும் பொடியையும் ஒருவர் திட்டமிட்டுச் சேர்க்கிறார். எனவே நமக்கு வேண்டியது, ஒருவர் செய்யும் செயலைக் குறிக்கும் சொல். ‘மாதிரிக்கு வானிலைச் சிதைவு செய்தேன்’ என்று எழுதிப் பார்த்தால் வாக்கியம் கோணலாக நிற்பதை ஐயாவும் ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன். நிலவியலில் ஆழமாக வேரூன்றிய ஒரு சொல்லை இங்கேயும் இழுத்துவந்தால் இரு துறையினருக்கும் குழப்பம்தான் மிஞ்சும்.

‘பழமையூட்டல்’ செயலைக் குறிக்கிறது. அந்த வகையில் அது மேலானது. ஆனால் போர்க்களத்து டாங்கிக்குப் பழமை பெரும்பாலும் வாய்ப்பதே இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஆலையிலிருந்து வெளிவந்து சில மாதங்களிலேயே அழிந்துபோன டாங்கிகள் ஏராளம். அவை பழையவை அல்ல, ஆனால் மிகக் கடுமையாக அடிபட்டவை. நேற்று புது வண்ணம் அடித்த வண்டிகூட ஒரு நாள் மண்பாதையில் அணிவகுத்துப் போனால் புழுதி மூடிவிடும். நாம் காட்ட முயல்வது வயதை அல்ல, வண்டி ஓடிய ஓட்டத்தை.

ஆகவேதான் ‘புழக்கமேற்றல்’ என்கிறேன். புழங்கிய பாத்திரம், புழக்கத்தில் உள்ள நாணயம் என்று நாம் அன்றாடம் சொல்வதில் எடுத்தாளப்பட்ட, கைபட்ட, தேய்ந்த என்ற பொருள்கள் எல்லாமே அடங்கியிருக்கின்றன. சாயம் ஏற்றுதல், மெருகு ஏற்றுதல் என்னும் வழக்குகளைப் போலப் ‘புழக்கம் ஏற்றுதல்’ எனப் பிரித்தும் எழுதலாம். ‘மாதிரிக்குப் புழக்கமேற்றினேன்’, ‘புழக்கமேற்றாத மாதிரி’, ‘மிகையாகப் புழக்கமேற்றியிருக்கிறார்’ என எல்லா வடிவங்களிலும் அது தடையின்றி வருகிறது.

இச்சொல்லுக்கு ஆதரவாக எனக்குத் தோன்றும் வலுவான சான்று டாங்கியின் சங்கிலிப் பட்டை. ஓடாமல் நிற்கும் வண்டியின் பட்டையில் துரு பழுப்பாகப் படர்கிறது. ஓடும் வண்டியிலோ தரையைத் தொடும் விளிம்புகளும், சக்கரம் உருளும் தடமும், பல்சக்கரத்தின் பற்களும் தேய்ந்து வெள்ளிபோல் பளபளக்கின்றன. வீரர்கள் பிடித்து ஏறும் கைப்பிடிகளும் அப்படியே. இந்தப் பளபளப்பைக் கரிக்கோலின் கிராஃபைட் பொடியால் தேய்த்துக் கொண்டுவருவதும் வெதரிங் வேலையின் ஒரு பகுதிதான். இதைச் சிதைவு என்றோ பழமை என்றோ சொல்ல முடியுமா? புழக்கம் என்றால் துருவும் பளபளப்பும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. ‘துருவேற்றல்’ என்று சிலர் சுருக்கமாக எழுதுவதையும் இதே காரணத்துக்காக மறுக்கிறேன். எம்-113 போன்ற கவச ஊர்திகளின் உடல் அலுமினியத்தால் ஆனது, அதற்குத் துரு பூசுவது பிழை.

வெயிலில் வெளுத்த வண்ணமும் மழைக்கறையும் புழக்கமாகுமா என்று கேட்கலாம். வெட்டவெளியில் நிற்பதும் ஒரு படைவண்டியின் பணிவாழ்க்கையில் சேர்ந்ததே என்பதால் ஆகும் என்றே கருதுகிறேன். கைவிடப்பட்டுப் புதர் மண்டிக் கிடக்கும் டாங்கியைக் காட்டுவது மட்டும் தனி வேலை. அதற்குச் ‘சிதைவுருவாக்கம்’ என்று வேறு பெயர் இருக்கட்டும். ஐயாவின் சொல்லில் ஒரு பாதி அங்கே பொருத்தமாக அமரும்.

உட்பிரிவுகளில் ‘சிப்பிங்’ என்பதற்குப் ‘பொருக்குதிர்ப்பு’ என்பதை முன்வைக்கிறேன். பட்டறைகளில் பெயிண்ட் பொருக்கு உதிர்ந்திருக்கிறது என்று சொல்வது இதைத்தான். அடிப்படலமாகத் துருநிறம் அடித்து, அதன்மேல் கூந்தலுக்கு அடிக்கும் ஸ்பிரேயைத் தெளித்து, காய்ந்தபின் அக்ரிலிக் மேல்வண்ணம் பூசி, தண்ணீர் தொட்ட தூரிகையால் மெல்லத் தேய்த்தால், இடைப்படலம் கரைந்து மேல்வண்ணம் உண்மையாகவே பொருக்காக உதிர்கிறது. வண்ணம் முழுதும் போகாமல் கோடாக மட்டும் கீறியிருந்தால் அது ‘சிராய்ப்பு’. இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும். இதோடு ஓர் எச்சரிக்கையையும் விளக்கத்தில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்: 1/35 அளவில் 1 மி.மீ. பொருக்கு, உண்மை வண்டியில் 35 மி.மீ. அகலமுள்ள காயம். ஆவடியில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கியின் மாதிரியைச் செய்பவர் அதன் சுழல்கோபுரம் முழுவதும் அத்தகைய காயங்களை இறைத்தால், நாம் காண்பது ஓடிய வண்டியாக இராது, அம்மை கண்ட வண்டியாகத்தான் இருக்கும்.

மழைநீரும் துருவும் வழிந்த கோடுகளைக் காட்டும் ‘ஸ்ட்ரீக்கிங்’ என்பதற்கு ‘ஒழுக்குத் தடம்’ போதும். பொடிநிறமி தூவுவதைப் ‘புழுதியேற்றல்’ எனலாம். ஆனால் புழுதிக்கும் ஊர் உண்டு. சேலத்துச் செம்மண்ணையும் மாக்னசைட் சுரங்கப் பக்கத்து வெண்தூளையும் நாள்தோறும் பார்க்கும் நமக்கு அந்த நிறங்களே கைக்கு வருகின்றன. ராஜஸ்தான் பாலைவனத்தில் ஓடிய வண்டிக்கு வேண்டியதோ வெளிறிய மணல்நிறம். உண்மை மண்ணையே எடுத்துத் தூவுவோர், சித்த மருந்துச் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வதுபோல மெல்லிய துணியில் சலித்தே தூவ வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு மணலும் 1/35 அளவில் கூழாங்கல்லாகத் தெரியும்.

எனக்கு இன்னும் தெளிவு பிறக்காதது ‘வாஷ்’ என்ற சொல்லில்தான். ‘கழுவல்’ என்று பெயர்த்தால் நேர்மாறான பொருள் வந்துவிடும், ஏனெனில் இங்கே எதுவும் கழுவப்படுவதில்லை. நன்றாக நீர்த்த கரும்பழுப்பு எனாமலைப் பளபளப்பு வார்னிஷின்மேல் தொட்டு வைத்தால், அது நுண்புழை ஈர்ப்பால் பற்றவைப்புக் கோடுகளிலும் திருகாணித் தலைகளைச் சுற்றியும் தானாக ஓடிப் படிகிறது; மிகுந்ததை டர்பன்டைன் தொட்ட தூரிகையால் துடைத்துவிடுகிறோம். கீழே அக்ரிலிக் இருப்பதால் அது கரைவதில்லை. பள்ளம் கறுத்து மேடு தெளிவதால் வடிவம் எடுப்பாகத் தெரிகிறது. இதற்கு ‘இடுக்குப் பூச்சு’ என்று எழுதிப் பார்த்தேன். வண்ணம் எங்கே படிகிறது என்பதை அது சொல்கிறது, ஆனால் தானாக ஓடும் இயல்பைச் சொல்லவில்லை. ‘இடுக்கோட்டம்’ ஓட்டத்தைச் சொல்கிறது, ஆனால் காதுக்குப் புதிதாக இருக்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் பழகிய அன்பர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள். கொலுசின் செதுக்குப் பள்ளங்களைக் கறுக்கவிட்டு மேட்டுக்கு மட்டும் மெருகு போடும் வேலைக்கு அங்கே கைவினைஞர்கள் வழங்கும் சொல் ஏதேனும் இருந்தால், அதை உள்ளபடியே எழுதியனுப்புமாறு வேண்டுகிறேன். நாமாக ஒன்றைப் புனைவதற்கு முன் அதைத்தான் முதலில் பரிசீலிக்க வேண்டும்.

அன்புடன்,
சேலத்திலிருந்து ஓர் உறுப்பினர்