புதுப்பிப்பு: புதுக் கணினிக்கு வராத டெம்ப்ளேட்டுகள்

முன்பு கேட்டது இதுதான்: பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தின் பழைய கணினியில், வீட்டு வாடகை மென்பொருளில் நாமே அமைத்த ஒப்பந்த டெம்ப்ளேட்டுகள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை முழுசாகக் காப்பி செய்தும் புதுக் கணினியில் ஏன் காணோம்?

அவை அங்கே இருந்ததே இல்லை. பழைய 32 பிட் மென்பொருள் அந்த ஃபோல்டரில் எழுதப் போனால், விண்டோஸ் சத்தமில்லாமல் ஆப்டேட்டா > லோக்கல் > வெர்ச்சுவல்ஸ்டோர் பக்கம் திருப்பிவிடும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், அதுவும் ஆளுக்கு ஒன்று. ஆகவே கிராணி, மேனேஜர் இருவர் லாகினிலும் தேடுங்கள். மென்பொருளை மூடிய பிறகே காப்பி எடுங்கள்.

யூனிட் பட்டியலில்தான் பெரிய தலைவலி. சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) இரட்டைக் கிளிக்கில் திறந்தால், மலேசியத் தேதி அமைப்பில் எக்செல் 3-5 என்ற யூனிட்டை மே 3 ஆக்கிவிடும். 3ஏ-5 மட்டும் தப்பிக்கும்; நாலாம் மாடியை 3ஏ என்று எழுதும் நம்மூர்ப் பழக்கத்துக்கு இப்படியும் ஒரு பயன்! டேட்டா மெனு வழியாக இறக்கி, யூனிட் எண் உள்ள நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிய பிறகே லோட் செய்யுங்கள். சேமிக்கும்போது, தமிழ் எழுத்தையும் காக்கும் சிஎஸ்வி யூடிஎஃப்-8 வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், பிறகு மீட்க வழியில்லை.